விதையில்லாத செடியும் கிறிஸ்துமஸ் க்ரீம் பிஸ்கட்டும்

டிசம்பர் வந்துவிட்டால் இங்கே மிச்சிகனில் அலுவலகம், பள்ளிக்கூடம், சர்ச் என்று எங்கே பார்த்தாலும் 'குக்கீ எக்ஸ்சேஞ்ச்' நடக்கும். ஆளுக்கு ஒரு வகை பிஸ்கட்டை ஐந்தாறு டஜன் சுட்டு எடுத்துக்கொண்டு போகணும். ஒவ்வொருத்தர் டப்பாவிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, பத்து வகையோடு வீட்டுக்குத் திரும்பலாம். தீபாவளிக்கு நம்ம தெருவில் பலகாரத் தட்டு கைமாறுகிற மாதிரிதான். என் பங்கு வருஷா வருஷம் ஒன்றேதான். கன்னங்கரேலென்று இரண்டு மெல்லிய சாக்லேட் பிஸ்கட், நடுவில் பெப்பர்மிண்ட் வாசனையோடு வெள்ளை க்ரீம்.

சாப்பிடுகிறவர்கள் எல்லாரும் தவறாமல் ஒரு வார்த்தை சொல்வார்கள். "ஆஹா, இது பாட்டி காலத்துக் கிறிஸ்துமஸ் ருசி!" எந்தப் பாட்டி, எந்தக் காலம்? அங்கேதான் எனக்குக் குடைச்சல் ஆரம்பித்தது. கேள்வி வந்துவிட்டால் பதில் கிடைக்கிற வரைக்கும் தூக்கம் வராத ஜாதி நான். தேடிப் படித்ததில் ஒரு விஷயம் புரிந்தது. இந்த பிஸ்கட்டில் மூணு சமாச்சாரம் இருக்கு: கறுப்பு பிஸ்கட், நடுவில் க்ரீம், க்ரீமில் பெப்பர்மிண்ட். மூணுக்கும் தனித்தனிக் கதை. முதல் இரண்டும் சுவாரசியம். மூணாவது, கொஞ்சம் தப்பியிருந்தால் நம்ம நாக்கை விட்டே போயிருக்கும். இந்தப் பதிவு முக்கியமாக அதைப் பற்றித்தான்.

முதலில் கறுப்பு. கொக்கோ விதையில் பாதிக்கு மேல் கொழுப்பு. 19ஆம் நூற்றாண்டு தொடங்கும்போது சாக்லேட் என்றால் குடிக்கிற பானம்தான். மேலே எண்ணெய் மிதக்கும், கலக்கினாலும் சேராது. 1828ல் ஆம்ஸ்டர்டாமில் வான் ஹௌட்டன் குடும்பத்தார் கொக்கோவை அழுத்திப் பிழிந்து கொழுப்பைத் தனியே எடுக்கும் இயந்திரத்துக்கு உரிமம் வாங்கினார்கள். மிஞ்சிய சக்கையை இடித்தால் தூள். அதோடு கார உப்பைச் சேர்த்தால் புளிப்பும் துவர்ப்பும் குறைந்து, நிறம் கறுக்கும் என்றும் கண்டுபிடித்தார்கள். கடையில் இன்றைக்கும் 'டச்சு' கொக்கோ என்று விற்கிறார்களே, அது இதுதான். சாக்லேட்டை மாவோடு மாவாகக் கலந்து பிஸ்கட் சுட முடிந்ததற்கு இந்தத் தூள்தான் காரணம்.

அடுத்தது க்ரீம். 1908ல் அமெரிக்காவில் லூஸ்-வைல்ஸ் என்ற பிஸ்கட் கம்பெனி, இரண்டு சாக்லேட் பிஸ்கட்டுக்கு நடுவில் வெள்ளை க்ரீம் வைத்து ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெயர் ஹைட்ராக்ஸ். தண்ணீரில் இருக்கும் ஹைட்ரஜன், ஆக்சிஜன் இரண்டையும் சேர்த்து வைத்த பெயராம். சுத்தத்துக்கு அடையாளமாக நினைத்திருக்கிறார்கள். எனக்கென்னவோ பாத்ரூம் கழுவுகிற திரவம் மாதிரிதான் காதில் விழுகிறது :-) 1910ல் லண்டனில் பீக் ஃபிரீன்ஸ் கம்பெனி கொண்டுவந்தது, நாம் டீக்கடையிலிருந்து கல்யாண வீடு வரை பார்த்த போர்பன் பிஸ்கட். 1912ல் நேஷனல் பிஸ்கட் கம்பெனி ஓரியோவை இறக்கியது. முதல் விற்பனை நியூஜெர்சி ஹோபோக்கனில் ஒரு மளிகைக் கடைக்கு.

ஓரியோதான் முதலில் வந்தது, ஹைட்ராக்ஸ் அதைப் பார்த்துச் செய்த போலி என்று இங்கே நிறையப் பேர் நினைக்கிறார்கள். நிஜம் நேர் தலைகீழ். நான்கு வருஷம் மூத்தது ஹைட்ராக்ஸ். இன்னொரு வித்தியாசமும் இருந்தது. ஓரியோ க்ரீமில் ரொம்ப காலம் பன்றிக் கொழுப்பு. 1990களின் நடுவில்தான் அதை மாற்றினார்கள். 1997ல் யூத உணவு விதிப்படி சான்றிதழும் வாங்கினார்கள். அதுவரைக்கும் விதி பார்க்கும் யூத வீட்டுப் பிள்ளைகளுக்கு ஹைட்ராக்ஸ்தான் கதி. ஓரியோ அந்தப் பக்கம் திரும்பியதும் ஹைட்ராக்ஸ் தேய்ந்துபோய், 2003ல் நின்றே போனது. வேறொரு கம்பெனி 2015ல் திரும்பக் கொண்டுவந்தது. முதலில் செய்தவனுக்குத்தான் பெயர் நிற்கும் என்று எந்தச் சட்டமும் இல்லை போலிருக்கு.

சரி, பிஸ்கட் வந்தாச்சு, க்ரீம் வந்தாச்சு. பெப்பர்மிண்ட் எப்போது உள்ளே வந்தது?

இங்கே சாரணியர் சிறுமிகள் வருஷாவருஷம் குக்கீ விற்பார்கள், தெரிந்திருக்கும். அந்தப் பழக்கத்தின் முதல் பதிவு 1917 டிசம்பர். ஒக்லஹோமாவில் மஸ்கோகி ஊரில் ஒரு குழு, பள்ளிக்கூட உணவகத்தில் வீட்டில் சுட்ட குக்கீயை விற்றது. 1939ல் அவர்கள் வரிசையில் சாக்லேட்-பெப்பர்மிண்ட் குக்கீ சேர்ந்தது. அப்போது பெயர் 'குக்கி-மிண்ட்'. பிற்பாடு 'தின் மிண்ட்'. அடுத்த வருஷமே, 1940ல், பென்சில்வேனியாவில் யார்க் பெப்பர்மிண்ட் பேட்டி வந்தது. அதற்கு முன்பே, 1929லிருந்து, சிகாகோவின் மார்ஷல் ஃபீல்ட்ஸ் கடையில் ஃபிராங்கோ மிண்ட் செய்துகொண்டிருந்தார்கள். அந்த ஊரில் கிறிஸ்துமஸுக்கு உறவினர் வீட்டுக்குப் போனால் கையில் அந்தப் பெட்டிதான். இங்கிலாந்தின் ஆஃப்டர் எய்ட் 1962. ஆக, 'பாட்டி காலம்' என்பது சரிதான். கொள்ளுப்பாட்டி காலம் என்றால்தான் சந்தேகம்!

பெப்பர்மிண்டுக்கும் கிறிஸ்துமஸுக்கும் என்ன சம்பந்தம்? சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட வளைந்த மிட்டாய்த் தடிதான் முக்கியமான பாலம். அதை ஜெர்மனியில் ஒரு பாடகர் குழுத் தலைவர் 1670ல் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை சுற்றுகிறது. ஆதாரம் எதுவும் இல்லை. ஜார்ஜியாவின் ஆல்பனி ஊரில் பாப் மெக்கார்மக் என்பவர் 1919 வாக்கில் அதைச் செய்து விற்க ஆரம்பித்ததும், அவர் மைத்துனர் கிரெகரி கெல்லர் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் 1950களில் மிட்டாய் செய்ய இயந்திரம் உருவாக்கியதும் நிஜம். அதற்கு முன்னால் ஒவ்வொரு தடியையும் கையால்தான் வளைத்தார்கள்.

என் ஊகம் ஒன்று சொல்கிறேன். ஜூலை, ஆகஸ்டில் அறுக்கிற பெப்பர்மிண்டை எண்ணெயாக வடித்துவிட்டால் வருஷக்கணக்கில் கெடாது. வெளியே முழங்கால் அளவு பனி, பச்சை என்று ஒரு இலை கிடையாது. அந்த நேரத்தில் நாக்குக்குக் கோடையின் பச்சை வாசனையைக் கொடுக்க ஒரு சொட்டு எண்ணெய் போதும். அதோடு அந்தக் குளிர்ச்சி வேறு. மென்தால் நிஜத்தில் வாயைக் குளிர வைப்பதில்லை. குளிரை உணர்கிற நரம்பு வாங்கியைத் தொட்டு, மூளையை ஏமாற்றுகிறது. டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படாபூட்டியன் இருவரும் தனித்தனியே அந்த வாங்கியை 2002ல் அடையாளம் காட்டினார்கள். 2021ல் இருவருக்கும் நோபல். பனிக்காலத்தில் பனியையே தின்கிற மாதிரி ஒரு விளையாட்டு!

இப்போ செடிக்கு வருவோம். இதுதான் மெயின் மேட்டர்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். துவையலுக்கும் பிரியாணிக்கும் போடுகிற நம்ம புதினா பெரும்பாலும் ஸ்பியர்மிண்ட் வகையறா. அதன் வாசனைக்குக் காரணம் கார்வோன் என்ற பொருள். பெப்பர்மிண்டின் வாசனைக்குக் காரணம் மென்தால். புதினா இலையை அரைத்து க்ரீமில் போட்டால் கிறிஸ்துமஸ் பிஸ்கட் வராது, சாக்லேட் துவையல்தான் வரும்.

பெப்பர்மிண்ட் ஒரு கலப்பினம். நீர்ப்புதினாவும் ஸ்பியர்மிண்டும் தானாகக் கலந்து பிறந்தது. இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் கிடைத்த செடியை ஜான் ரே என்ற தாவரவியலாளர் 1696ல் பதிவு செய்தார். குதிரையும் கழுதையும் சேர்ந்து பிறந்த கோவேறு கழுதை மாதிரி இதுவும் மலடு. பூக்கும், ஆனால் முளைக்கிற விதை வைக்காது. பிறகு எப்படிப் பரவியது? தரையோடு தரையாக ஓடுகிற தண்டை வெட்டி நட்டுத்தான். அதாவது, ஒரு தோட்டத்துச் செடியும் அடுத்த தோட்டத்துச் செடியும் அம்மா-பிள்ளை இல்லை. ஒரே செடியின் துண்டுகள்.

லண்டனுக்குப் பக்கத்தில் மிச்சம் என்ற ஊரில் (ஆமாம், பெயரே மிச்சம்தான்!) 18ஆம் நூற்றாண்டில் இதைப் பெரிய அளவில் பயிர் செய்தார்கள். அங்கிருந்து கடல் தாண்டி மாசசூசெட்ஸ், பிறகு நியூயார்க் மாநிலத்தின் வேய்ன் கவுண்டி, 1830களில் மிச்சிகன். போகிற குடியேறிகள் மூட்டையில் வேர்த்தண்டையும் போட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள்.

நியூயார்க்கில் ஹைரம் ஹாட்ச்கிஸ் என்று ஒரு மாவுமில்காரர். மாவுக்குப் பதிலாக விவசாயிகள் கொடுத்த பெப்பர்மிண்ட் எண்ணெய் அவரிடம் சேர்ந்துபோனது. கலப்படத்துக்குப் பேர்போன சரக்கு என்பதால் உள்ளூர் வியாபாரிகள் நம்பவில்லை. நீல பாட்டிலில் அடைத்து ஹாம்பர்க்குக்கு அனுப்பினார். அங்கே முதல் தரம் என்று பெயர் வாங்கியது. 1851 லண்டன் கண்காட்சியில் பரிசும் வாங்கினார்.

அடுத்தவர் எங்க ஊர்க்காரர், ஆல்பர்ட் மே டாட். 1869ல், 19 வயசில், மிச்சிகனில் தொழில் ஆரம்பித்தார். பிறகு கலமசூ நகருக்கு மாற்றினார். டர்பன்டைன் கலந்த எண்ணெய் ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்த காலத்தில், சுத்தமாக வடித்து, சோதித்து, தன் பெயரை ஒட்டி விற்றார். சதுப்பு நிலத்தில் கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்தால், கறுப்பாகப் பஞ்சு மாதிரி மண் கிடைக்கும். பெப்பர்மிண்டுக்கு அந்த மண்தான் சொர்க்கம். அப்படி ஒரு பண்ணையையும், வேலையாட்களுக்கு ஒரு கிராமத்தையும் உண்டாக்கி 'மென்தா' என்று பெயர் வைத்தார். 1897 முதல் 1899 வரை அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினராகவும் இருந்தார். 1900ஐ ஒட்டிய வருஷங்களில் அமெரிக்கப் பெப்பர்மிண்ட் எண்ணெயில் பெரும்பகுதி கலமசூவைச் சுற்றியுள்ள வயல்களிலிருந்துதான் போனது. ஊருக்கே 'புதினா நகரம்' என்று பட்டப்பெயர்.

எண்ணெய் எடுக்கிற முறை ரொம்ப எளிது. செடியை அறுத்து வயலிலேயே வாட விடுவார்கள். வைக்கோல் மாதிரி ஆனதும் பெரிய தொட்டியில் அடைத்து, அடியிலிருந்து நீராவி விடுவார்கள். ஆவியோடு எண்ணெயும் மேலே வரும். குளிர வைத்தால் தண்ணீர் கீழே, எண்ணெய் மேலே. அகப்பையால் எடுக்கலாம். மிச்சிகனில் செயிண்ட் ஜான்ஸ் என்று ஓர் ஊரில் ஆகஸ்ட் மாதம் புதினாத் திருவிழா இன்றைக்கும் நடக்கிறது. ஒருமுறை அந்தப் பக்கம் போனபோது கார்க் கண்ணாடியை இறக்கினேன். கண் எரிகிற அளவுக்கு வாசனை. சளி பிடித்தவன் ஒரு கிலோமீட்டர் நடந்தால் போதும், மாத்திரை வேண்டாம்.

இவ்வளவு நல்லா போய்க்கொண்டிருந்த கதையில், 1924ல் வில்லன் வந்தான். மிச்சிகன் வயல்களில் ஒரு வாடல் நோய். வெர்டிசிலியம் என்ற பூஞ்சை மண்ணிலிருந்து வேருக்குள் நுழைந்து, தண்ணீர் ஏறுகிற குழாய்களை அடைத்துவிடும். செடி சுருண்டு, மஞ்சளாகி, செத்துப்போகும். அந்தச் செடியைப் பிடுங்கி எறிந்தாலும் பிரயோசனம் இல்லை. மண்ணில் பூஞ்சை வருஷக்கணக்கில் தூங்கும். மறுபடி பெப்பர்மிண்ட் நட்டால் எழுந்துவிடும்.

மற்ற பயிராக இருந்தால் விவசாயி என்ன செய்வான்? நோய் தாங்குகிற ஒரு ரகத்தோடு கலந்து, விதை எடுத்து, புது ரகம் உண்டாக்குவான். இங்கே விதையே இல்லையே! எல்லாச் செடியும் ஒரே செடி. ஒன்றைக் கொல்கிற நோய் எல்லாவற்றையும் கொல்லும். எனவே விவசாயிகளுக்குத் தெரிந்த ஒரே வழி ஓட்டம். பெப்பர்மிண்ட் மேற்கே நகர்ந்து ஆரெகன், வாஷிங்டன் மாநிலங்களுக்குப் போனது. மிச்சிகனின் கறுப்பு மண்ணில் வாழ்ந்த குடும்பங்கள் வெங்காயத்துக்கும் செலரிக்கும் மாறினார்கள். கொஞ்ச நாளில் நட்ட வேர்த்தண்டு வழியாகவே நோயும் மேற்கே போய்ச் சேர்ந்தது. இதற்கு மேல் ஓடினால் பசிபிக் கடல்தான்.

சாரணியர் குக்கீ, யார்க் பேட்டி, மிட்டாய்த் தடி எல்லாம் அமெரிக்க வீடுகளில் 'நிரந்தரப் பாரம்பரியம்' ஆகிக்கொண்டிருந்த அதே வருஷங்களில்தான் அந்த ருசியின் வேர் அழுகிக்கொண்டிருந்தது என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மிட்டாயைச் சப்பிய பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

1955ல் டாட் கம்பெனியின் மெரிட் மரே என்ற ஆராய்ச்சியாளர் ஒரு விபரீத முயற்சியில் இறங்கினார். விதை வழியாக மாற்றம் வராது என்றால், செடியின் மரபணுவையே தட்டிப் பார்த்தால் என்ன? நியூயார்க் லாங் ஐலண்டில் ப்ரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தில் அணு உலை இருந்தது. அணுவை ஆக்கத்துக்கும் பயன்படுத்தலாம் என்று அரசாங்கம் பேசிக்கொண்டிருந்த காலம். வேர்த்தண்டுகளை அங்கே நியூட்ரான், எக்ஸ்ரே கதிர்களில் காட்டினார்கள். பிறகு அவற்றைப் பெருக்கி, லட்சக்கணக்கான செடிகளை மிச்சிகனில் நோய் ஊறிப்போன மண்ணிலேயே கொண்டுபோய் நட்டார்கள். வேண்டுமென்றே!

கிட்டத்தட்ட எல்லாம் செத்தன. சில பிழைத்தன. பிழைத்ததை மறுபடி வெட்டி, மறுபடி அதே மண்ணில் நட்டார்கள். நோய் தாங்கினால் மட்டும் போதாது. எண்ணெயை வடித்து மோந்து பார்த்தால் பழைய மிச்சம் வாசனை இருக்கணும். இல்லையென்றால் மிட்டாய்க்காரன் வாங்க மாட்டான். சலித்துச் சலித்து 1971ல் ஒரு ரகத்தை வெளியிட்டார்கள். பெயர் 'டாட்ஸ் மிச்சம்'. 1976ல் இன்னொன்று, 'மரே மிச்சம்'. பயிர் மீண்டது.

பயப்பட வேண்டாம், அந்தச் செடியில் கதிர்வீச்சு எதுவும் ஒட்டிக்கொண்டிருக்காது. கதிர் பட்டது மூதாதைத் தண்டில். நமக்கு வருவது அந்த மாற்றத்தின் வாரிசுத் துண்டு மட்டும். இன்றைக்கும் வாடல் நோய் ஒழிந்துவிடவில்லை. இந்த ரகங்கள் நோயைத் தாங்கிக்கொள்கின்றன, அவ்வளவுதான். விவசாயி பயிர் மாற்றி, சுத்தமான நாற்றுத் தண்டு வாங்கி, எச்சரிக்கையாகத்தான் பிழைக்கணும்.

இந்தியச் சங்கதி ஒன்றும் சொல்லணும். உலகத்துக்கு இயற்கை மென்தால் அதிகமாக அனுப்புவது இன்றைக்கு இந்தியாதான். உத்தரப் பிரதேசத்தில் பாராபங்கி பக்கம் கோதுமைக்கும் நெல்லுக்கும் நடுவில் கிடைக்கும் கோடை இடைவெளியில் பயிரிடுகிறார்கள். லக்னோவில் உள்ள சீமேப் என்ற அரசு ஆய்வு நிறுவனம் கொடுத்த ரகங்கள்தான் அதற்கு முதுகெலும்பு. ஆனால் அது பெப்பர்மிண்ட் இல்லை, 'மென்தா' என்று அங்கே சொல்கிற வேறொரு சகோதரச் செடி. தலைவலித் தைலத்துக்கும் இருமல் மிட்டாய்க்கும் சரி. பிஸ்கட் க்ரீமுக்கு வேண்டிய அந்த இனிப்பு கலந்த வாசனை பெப்பர்மிண்ட் எண்ணெயில்தான்.

கதை கேட்டவர்களைச் சும்மா அனுப்பக்கூடாது. செய்முறை இதோ:

பிஸ்கட்டுக்கு: மைதா 190 கிராம், டச்சு கொக்கோ 60 கிராம், பேக்கிங் பவுடர் கால் டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன், வெண்ணெய் 170 கிராம், சர்க்கரை 200 கிராம், முட்டை ஒன்று (சைவக்காரர்கள் மூணு மேசைக்கரண்டி பால்). டச்சு கொக்கோவில் புளிப்பு கிடையாது, அதனால் சோடா மாவு மட்டும் போட்டால் வேலை செய்யாது. வெண்ணெயையும் சர்க்கரையையும் நுரைக்க அடித்து, முட்டை சேர்த்து, மாவுகளைக் கலந்து பிசையுங்கள். ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில். அப்புறம் மூணு மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, சின்ன வட்டமாக வெட்டி, 175 டிகிரி செல்சியஸில் 9, 10 நிமிஷம். கறுப்பு மாவு வெந்தது கண்ணுக்குத் தெரியாது, கடிகாரத்தை நம்புங்கள். ஆறினால்தான் மொறுமொறுப்பு.

க்ரீமுக்கு: வெண்ணெய் 115 கிராம், ஐசிங் சர்க்கரை 240 கிராம், பெப்பர்மிண்ட் எசன்ஸ் அரை டீஸ்பூன், தேவைப்பட்டால் ஒரு ஸ்பூன் பால். எசன்ஸுக்குப் பதில் சுத்தமான எண்ணெய் என்றால் ஓரிரு சொட்டுதான், சமையலுக்கு என்று போட்டிருக்கணும். கை நீண்டால் பற்பசை! செய்த அன்றைக்கே தின்னாதீர்கள். ஒரு ராத்திரி மூடி வைத்தால் வாசனை பிஸ்கட்டுக்குள் இறங்கும். வேறு பலகாரத்தோடு ஒரே டப்பாவில் மட்டும் வைக்கவே வைக்காதீர்கள். மறுநாள் முறுக்கும் பெப்பர்மிண்ட் வாசனை அடிக்கும்.

கடைசியாக ஒன்று. வீட்டுத் தொட்டியில் பெப்பர்மிண்ட் வளர்க்க ஆசைப்பட்டு விதை பாக்கெட் வாங்கிவிடாதீர்கள். அதில் முளைப்பது வேறு ஏதாவது புதினாவாகத்தான் இருக்கும். வளர்க்கிறவர் யாரையாவது கண்டுபிடித்து, வேர்விட்ட தண்டில் ஒரு துண்டு கேளுங்கள். 300 வருஷத்துக்கு மேலாக அந்தச் செடி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு இப்படித்தான் வந்துகொண்டிருக்கிறது. நடுவில் ஒருத்தர் கொடுக்காமல் விட்டிருந்தால் அதோடு முடிந்தது.